இருபதாவது கட்டம்

— அந்தக் கத்திரிக்கோலைக் கீழ வை.

— ஐயோ, அண்ணி... நீங்க அடுப்படியிலதானே இருந்தீங்க?

— டீ கொதிக்கிற சத்தத்தையும் மீறி நறுக்னு ஒரு சத்தம் கேட்டுது. துணியில யாரு கத்திரி வச்சாலும் எனக்கு அடுத்த தெருவுலேர்ந்தே கேக்கும். வை கீழ.

— சும்மா... பிசிறு ஒண்ணு நீட்டிக்கிட்டு இருந்துது. அதை...

— மூணு தையலை அறுத்துட்டுப் பிசிறாம்! ஏன்டி புழு, அறுபது வயசாச்சு, இன்னும் அந்தத் திருட்டு முழியை மறைக்கத் தெரியலியே உனக்கு.

— அறுபது வயசுக்காரியப் போய் இன்னும் புழுன்னு கூப்பிடறீங்களே, அதைச் சொல்லுங்க.

— புத்தகப் புழுவை வேற எப்படிக் கூப்பிடறதாம்? கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்குள்ள கால் வைக்கிறேன், எல்லாரும் வாசல்ல நிக்கறாங்க, என் வீட்டுக்காரரோட தங்கச்சிய மட்டும் காணோம். பாத்தா கட்டிலுக்கு அடியில குப்புறப் படுத்துப் படிச்சுக்கிட்டு இருக்கா. அன்னைக்கு வச்ச பேரு. பேச்சை மாத்தாதே. நாலு மணிக்கு நூலகத்துலேர்ந்து வண்டி வருது, இந்த விரிப்பை எடுத்துட்டுப் போக. இப்போ மணி ரெண்டு. இந்த நேரத்துல கத்திரியோட உனக்கு இங்க என்ன வேலை?

— இந்த ஒரு கட்டத்தை மட்டும் எடுத்துடலாம் அண்ணி.

— எந்தக் கட்டத்தை?

— கடைசிக் கட்டத்தை. இருபதாவதை.

— அந்த ஓடக்காரி நாவலோட இருபது அத்தியாயத்துக்கு இருபது கட்டம் தச்சிருக்கேன். கதையோட முடிவையே வெட்டி எடுத்துட்டுக் கண்காட்சிக்கு அனுப்பச் சொல்றியா?

— அந்த இடத்துல வெறும் நீலத் துணி வச்சுத் தச்சுடலாம். ஆத்துத் தண்ணின்னு சொல்லிக்கலாம்.

— ரொம்பத்தான் கெட்டிக்காரி. ஏன், அதுல என்ன குறை கண்டுட்டே?

— கலர் மங்கிடுச்சு.

— நாப்பத்தியொரு வருஷத்துல உன் தலைமுடியும்தான் மங்கிடுச்சு. உன்னை யாராவது வெட்டி எடுத்தாங்களா?

— அண்ணி...

— மங்கவே இல்லடி. நல்லா பாரு. நேத்து தச்ச மாதிரி இருக்கு. இதை ஒரு தடவையாவது தண்ணியில போட விட்டிருக்கேனா?

— அதைச் சொல்லுங்க. படுக்கை விரிப்புன்னு பேரு, யாரையும் மேல படுக்க விடமாட்டீங்க. துவைக்க விடமாட்டீங்க. வருஷத்துக்கு ஒரு நாள் வெயிலைக் காட்டி, மடிச்சு, பெட்டியில வச்சுப் பூட்டிடுவீங்க. அண்ணன் கூடச் சொல்வார், 'உங்க அண்ணி என்னை விட அந்த விரிப்பைத்தான் பத்திரமா பாத்துக்கறா'ன்னு.

— உங்க அண்ணனைத் துவைச்சாலும் சாயம் போகாது. இது அப்படி இல்ல... சரி, டீயை எடுத்துக்கோ. விரிப்புக்கு மேல நீட்டாதே! அந்தப் பக்கம் உக்காரு. அங்கதானே எப்பவும் உக்காருவே.

— ஆமா... இந்தச் சுவர் ஓரம்தான். நீங்க ஜன்னல் ஓரம், தையல் மெஷின் பக்கம். வெளிச்சம் நீங்க துணி மாட்டின ஃப்ரேம் மேல விழணும்னு என்னை இருட்டுப் பக்கம் தள்ளுவீங்க.

— நீ அமாவாசை இருட்டுலயும் படிக்கிறவ. உனக்கென்ன.

— மதியம் எல்லாரும் வேலைக்குப் போனதும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுடுவோம். நான் படிப்பேன், நீங்க தைப்பீங்க. ஒரு அத்தியாயம் முடிஞ்சா ஒரு கட்டம். கட்டம் முடியாம அடுத்த அத்தியாயத்தை நான் தொடவே கூடாது. என்ன கொடுமைக்காரச் சட்டம் அது!

— அந்தச் சட்டம் இல்லேன்னா நீ ஒரே நாள்ல விழுங்கி ஏப்பம் விட்டிருப்பே.

— ஓடக்காரி ஆத்து நடுவுல சுழல்ல மாட்டிக்கிட்டு நிக்கறா. நீங்க என்னடான்னா நாரைக்கு மூக்கு தச்சுக்கிட்டு இருக்கீங்க. நாலு நாள்! நாலு நாள் அவ சுழல்லயே சுத்திக்கிட்டு இருந்தா.

— நாரைக்கு மூக்குதான்டி முக்கியம்.

— கால் முக்கியமில்லயா? ஒன்பதாவது கட்டத்துல பாருங்க, ரெண்டும் இடது கால்.

— அது நீ படிச்ச லட்சணம். 'நாரை காலை மாத்தி நின்றது'ன்னு தொண்டை கட்டினாப்புல படிச்சே. எந்தக் காலைன்னு நான் என்னத்தைக் கண்டேன்?

— நூலகத்து ஐயா என்னைப் பாத்தாலே சிரிப்பார். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை அதே பச்சை அட்டைப் புத்தகத்தைக் கொண்டு போய் நீட்டுவேன். பதினோரு தடவை புதுப்பிச்சோம். 'எழுத்துக் கூட்டிப் படிக்கறியாம்மா'ன்னு கேட்டார் ஒரு நாள்.

— நீ என்ன சொன்னே?

— எங்க அண்ணிக்கு எழுத்தைப் பாத்தாலே தலைவலி வரும், நான்தான் வாசிச்சுக் காட்டறேன்னு சொன்னேன்.

— ம்.

— ஒண்ணு மட்டும் எனக்குப் புரியவே இல்ல அண்ணி. நான் அத்தியாயத்தை ஆரம்பிச்சிருக்கவே மாட்டேன், உங்க மடியில சரியான நூல் இருக்கும். மழை வர்ற அத்தியாயம்னா சாம்பல் நூல். பாலம் கட்ட இன்ஜினியர் வந்து இறங்கற அத்தியாயம்னா அவன் சட்டைக்குக் காக்கி நூல். எப்படி எடுத்து வச்சீங்க?

— கை ராசி.

— அப்படித்தான் நானும் நெனச்சேன். ஆனா நூல் மட்டும் கோக்க மாட்டீங்க. அதுக்கு நான்தான் வரணும். 'புழு, ஊசியில நூல் கோத்துக் குடுடி'ன்னு ஒரு நாளைக்கு நாப்பது தடவை. குளிக்கப் போனா கூப்பிடுவீங்க. சாப்பிட உக்காந்தா கூப்பிடுவீங்க.

— என் கண்ணு அப்படி. என்ன பண்ணச் சொல்றே? சரி, ஊரெல்லாம் சுத்தினது போதும். கத்திரிக்கு வா. ஏன் அறுத்தே, புழு?

— அந்த நூலகப் பொண்ணு இருக்காளே...

— இருக்கா. நீதானே அவகிட்டப் போய், 'எங்க அண்ணி ஒரு முழுக் கதையையே தச்சு வச்சிருக்காங்க'ன்னு தம்பட்டம் அடிச்சே?

— வாய் சும்மா இருக்கலியே அண்ணி. பெருமை. அவ ஒரு படி மேல போய்ட்டா. நூலக ஆண்டு விழாக் கண்காட்சியில விரிப்பைச் சுவர்ல மாட்டறதோட விடலியாம். பக்கத்துலயே கண்ணாடிப் பெட்டியில அந்தப் புத்தகத்தையும் வைக்கப் போறாளாம். கடைசிப் பக்கத்தைத் திறந்து. கதை முடிவும் தையல் முடிவும் பக்கத்துப் பக்கத்துல இருக்கட்டும்னு.

— நல்ல யோசனைதானே?

— நம்ம நூலகத்துப் பிரதி எப்பவோ தொலைஞ்சு போச்சாம். வேற நூலகத்துக்கு எழுதிப் போட்டு வரவழைச்சிருக்கா. நேத்து என் கையில குடுத்தா. நின்ன இடத்துலயே படிச்சேன்... அண்ணி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். திட்டுங்க, வேணும்னா நாலு அடி கூடப் போடுங்க. ஆனா சிரிக்காதீங்க.

— நான் ஏன் சிரிக்கறேன்? சொல்லு.

— கடைசி அத்தியாயத்தை நான் படிக்கவே இல்ல.

— என் காதால கேட்டேனே.

— கேட்டீங்க. அது புத்தகத்துல இல்ல. நம்ம பிரதியில இருபதாவது அத்தியாயம் ஒண்ணரைப் பக்கம்தான் இருந்துது. பாலம் திறப்பு விழா முடியுது, இன்ஜினியர் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம வண்டியேறிப் போயிடறான், ஓடக்காரி ராத்திரியில தனியா ஓடத்தை அவிழ்க்கறா... பக்கத்தைத் திருப்பறேன், அட்டை! வெறும் பச்சை அட்டை. மிச்சப் பக்கத்தைக் காணோம்.

— அடப்பாவமே.

— நிமிந்து பாத்தா நீங்க துணிய ஃப்ரேம்ல மாட்டி, ஊசியைக் கையில வச்சுக்கிட்டுக் காத்துக்கிட்டு இருக்கீங்க. ஆறு மாசமா காத்துக்கிட்டு இருந்தவங்ககிட்ட 'முடிவு இல்ல'ன்னு எப்படிச் சொல்றது? அப்படியே அட்டையைப் பாத்து...

— படிச்சே.

— படிச்சேன். வாய்க்கு வந்ததை. ஓடக்காரி ஆத்து நடுவுக்குப் போய் துடுப்பைக் கீழ போடறா. அப்போ கரையிலேர்ந்து ஒரு குரல். 'ஓடம்... ஓடம்!' யாரோ ஒரு பொம்பளை. கையில மூட்டை. அக்கரைக்குப் போகணுமாம். கூப்பிட்ட குரலுக்குப் போகாம இருக்க ஓடக்காரியால முடியாது. துடுப்பை எடுத்து ஓடத்தைத் திருப்பறா. அவ்வளவுதான்.

— நல்லாத்தானே இருக்கு?

— நல்லா இருந்து என்ன பண்றது? நீங்க அதை அப்படியே தச்சுட்டீங்களே! கரையில மூட்டையோட ஒரு பொம்பளை, திரும்பி வர்ற ஓடம். நிஜப் புத்தகத்துல கூப்பிட யாருமே இல்ல அண்ணி. மூட்டையும் இல்ல, பொம்பளையும் இல்ல. விடிஞ்சு பாத்தா... ஓடம் மட்டும் கரைக்கு வந்து நிக்குது. காலி ஓடம்.

— ம்.

— நாளைக்கு நூறு பேர் வந்து ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்பாங்க. 'எந்தப் புத்தகத்தைப் படிச்சுட்டு இதைத் தச்சாங்க'ன்னு உங்களைப் பாத்துச் சிரிப்பாங்க. ஆறு மாச உழைப்பு, என் ஒரு பொய்யால கேலிக்கூத்தாகப் போகுது. அதான்... நீங்க பாக்கறதுக்குள்ள கட்டத்தைப் பிரிச்சுடலாம்னு...

— நாப்பத்தியொரு வருஷமா இதை மனசுல போட்டுப் பூட்டி வச்சிருக்கியா?

— புத்தகத்தைத் திருப்பிக் குடுக்கும்போது நான் பட்ட பாடு! பக்கம் இல்லேன்னு பாத்தா நான்தான் கிழிச்சேன்னு நெனச்சுடுவாரேன்னு பின்னட்டையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டே நீட்டினேன். எவனோ ஒரு பாவி, நூலகப் புத்தகம்னு கூடப் பாக்காம கிழிச்சிருக்கான். அவன் கை விளங்கவே விளங்காதுன்னு எத்தனை நாள் சபிச்சிருக்கேன் தெரியுமா?

— அதனாலதான் எனக்குக் கை முட்டி வலி போல இருக்கு.

— என்ன?

— ஒண்ணுமில்ல. டீயைக் குடிச்சிட்டியா? கையைத் துடைச்சுக்கோ. அந்தக் கடைசிக் கட்டத்தைக் கொஞ்சம் அமுக்கிப் பாரு.

— எதுக்கு?

— சொல்றதைச் செய். மத்த கட்டத்தையும் அமுக்கு. அப்புறம் இதை அமுக்கு. குனிஞ்சு காதை வச்சுக் கேளு. கேக்குதா?

— சலசலங்குது... உள்ள என்ன இது? காகிதமா?

— மூணு தாள். ஆறு பக்கம்.

— அண்ணி...!

— தண்ணியில போட்டா கூழாப் போயிடும். அதான் துவைக்க விடல. உங்க அண்ணன் மேல விரிப்பை விட எனக்குப் பிரியம் கம்மின்னு யாரும் நெனச்சுக்க வேண்டாம்.

— நீங்களா கிழிச்சீங்க? நூலகப் புத்தகத்தை?

— நானேதான். அந்தப் பாவி நான்தான். முடிவு சொல்ற அன்னைக்குக் காலையில, நீ டைப் கிளாஸ் போனதும்.

— ஏன்... படம் வரையறதுக்குக் காகிதம் இல்லேன்னா?

— படிச்சேன்டி. படிச்சுட்டுத்தான் கிழிச்சேன்.

— உங்களுக்குத்தான் எழுத்தைப் பாத்தாலே தலைவலியாச்சே!

— எல்லா அத்தியாயத்தையும் உனக்கு முன்னாடி நான் படிச்சாச்சு. நீ கிளாஸ் போவே, நான் படிப்பேன். படிக்காம எப்படிடி காக்கி நூலை எடுத்து மடியில வைப்பேன்? கை ராசியாம்! நீயும் நம்பினியே.

— அப்போ மதியானம் 'ஐயோ, அப்புறம்? அப்புறம்?'னு கேட்டதெல்லாம்...

— உன் வாயால கேக்கறப்போ நல்லா இருந்துது. நானே படிக்கறப்போ ஓடக்காரி சும்மா நடப்பா. நீ படிக்கறப்போ அவ மூச்சு வாங்கறது கூடக் கேக்கும். நானே படிச்சுக்குவேன்னு சொன்னா நீ உன் கட்டில் அடிக்கே திரும்பிப் போயிருப்பியே.

— இருங்க, இருங்க... அன்னைக்கு... முடிவு சொன்ன அன்னைக்கு உங்க மடியில ஒரே ஒரு நூல் இல்ல. டப்பாவையே கவுத்து வச்சிருந்தீங்க. எல்லாக் கலரும் கிடந்துது.

— கிழிச்சதுக்கு அப்புறம் என்ன வரப் போகுதுன்னு எனக்குத் தெரியாத ஒரே அத்தியாயம் அதுதானே. பக்கத்தைக் காணோம்னு நீ சொல்லுவே, நான் ஏதாவது ஒரு முடிவு சொல்லலாம்னு நெனச்சிருந்தேன். நீ என்னடான்னா அட்டையைப் பாத்துப் படிக்க ஆரம்பிச்சுட்டே. நடுவுல எச்சில் தொட்டுப் பக்கம் வேற திருப்பினே!

— அட்டையைத்தான் திருப்பினேன்...

— சிரிப்பை அடக்கறதுக்குள்ள ஊசியைக் கையில குத்திக்கிட்டேன்.

— ஏன் அண்ணி கிழிச்சீங்க? கதை சோகமா முடிஞ்சா என்ன? நாம படிக்காத சோகமா?

— வேற எந்த வருஷமா இருந்தாலும் கிழிச்சிருக்க மாட்டேன்.

— வேற எந்த வருஷமா... புரியல.

— டைப் கிளாஸ்ல உன் பக்கத்து மெஷின்ல ஒருத்தன் உக்காந்திருப்பானே. சட்டைப்பையில எப்பவும் ரெண்டு பேனா. வேலை கிடைச்சு வேற ஊர் போனான். பத்து நாளைக்கு ஒரு கடிதாசு வந்துது. அப்புறம் மாசத்துக்கு ஒண்ணு. அப்புறம் கல்யாணப் பத்திரிகை வந்துது.

— யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன்.

— தபால்காரர் கையிலேர்ந்து வாங்கி உன் தலையணைக்கு அடியில வச்சது யாருன்னு நெனச்சே? நீ சாப்பிடல. பேசல. மதியம் படிக்கறப்போ மட்டும்தான் உன் குரலையே கேப்பேன். சாயங்காலம் ஆனா 'காயப்போட்ட துணியை எடுக்கறேன்'னு மாடிக்குப் போவே. கொடியில துணியே இருக்காது. கைப்பிடிச் சுவர் மேல ஏறி, காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பே. தெருவைப் பாத்துக்கிட்டு.

— அண்ணி, வேண்டாம்...

— அந்த நெலமையில இருக்கிறவகிட்ட 'காலி ஓடம் கரைக்கு வந்துது'ன்னு ஒரு புத்தகம் சொல்லணுமா? அதை உன் வாயாலயே படிக்கணுமா? எழுதினவருக்கு என்ன, அவர் எழுதிட்டார். வீட்டுல புள்ளைய வச்சுக்கிட்டு இருக்கிறவ நான். கிழிச்சுட்டேன். அழாதே. விரிப்புல சொட்டுது. தள்ளி உக்காந்து அழு.

— நானும் ஒண்ணு மறைச்சேன் அண்ணி.

— இன்னொண்ணா? பெரிய திருடிதான் நீ.

— கரையில மூட்டையோட நின்னு கூப்பிட்ட பொம்பளை... யாரோ வழிப்போக்கின்னு சொன்னேனே. வழிப்போக்கி இல்ல. அது நீங்க.

— தெரியும்.

— எப்படித் தெரியும்?

— உன் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்தப் பொம்பளையோட புடவையைப் பாரு. என்ன கலர்?

— மாந்தளிர்... ஓரத்துல ஊதாப் பூ... ஐயோ, இது உங்க பழைய புடவை! நாப்பத்தியொரு வருஷமா பாத்துக்கிட்டு இருக்கேன், எனக்கு உறைக்கலியே.

— அவ கையில இருக்கிற மூட்டைய அவிழ்த்துப் பாத்தா உள்ள நூல்கண்டுதான் இருக்கும்.

— இதைப் பிரிக்க வேண்டாம் அண்ணி.

— பிரிக்க யாரு விட்டா? தச்சது தச்சதுதான். சிரிக்கறவங்க சிரிக்கட்டும். எந்தப் புத்தகம்னு கேட்டா, எங்க வீட்டுப் பிரதியில இப்படித்தான் இருந்துதுன்னு சொல்லிக்கலாம்.

— உள்ள இருக்கிற தாளை எடுத்து நூலகத்துல குடுத்துடலாமா?

— உள்ளயே கிடக்கட்டும். இத்தனை வருஷமா துணிக்குள்ள வாயை மூடிக்கிட்டுக் கிடக்கு. மணி என்ன?

— மூணாகப் போகுது.

— நாலு மணிக்கு வண்டி வந்துடும். நீ அறுத்த மூணு தையலை மறுபடி போடணும். அந்த ஊதா நூலை எடு... என்னடி அப்படிப் பாக்கறே?

— அந்தக் கல்யாணப் பத்திரிகை வந்த அன்னைக்கு சாயங்காலம்... நான் சுவர் மேல வெறுமனே உக்காந்திருக்கல அண்ணி. எழுந்து நின்னுட்டேன். அப்போ கீழேர்ந்து உங்க குரல். 'புழு, ஊசியில நூல் கோக்கணும், இறங்கி வாடி.' கூப்பிட்டா வராம இருக்க முடியல. இறங்கி வந்துட்டேன்... நல்ல வேளை அண்ணி, உங்களுக்கு அப்பவே கண்ணு மங்கலா இருந்துது.

— அடி அசடே... இருபத்தஞ்சு வயசுல எவளுக்குடி கண்ணு மங்கும்? நீ கோத்துக் குடுத்துட்டு அந்தப் பக்கம் நகந்ததும் நூலை உருவிப் போட்டுட்டு மறுபடி கூப்பிடுவேன்... இப்போதான் நிஜமாவே தெரியல. இந்தா ஊசி. கோத்துக் குடு.